பிஎச்பி: செஷனில் வைத்த ஆப்ஜெக்ட் திரும்பி வரும்போது பாதியைக் காணோம்

2018 செப்டம்பர் 12, கேள்வி

அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். ஒரு ஜவுளிக்கடைக்கு ஆன்லைன் விற்பனைத் தளம் செய்துகொண்டிருக்கிறேன். பிஎச்பி 7.2. கூடை என்று ஒரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்டுகளுக்கான வார்ப்பு). அதற்குள் பொருள் பட்டியல், வாடிக்கையாளர், டேட்டாபேஸ் இணைப்பு மூன்றும் இருக்கின்றன. கூடையைச் செஷனில் (பக்கம் மாறினாலும் சர்வர் நினைவில் வைத்திருக்கும் தரவு) வைத்தால், பிடிஓவை, அதாவது அந்த இணைப்பை, சீரியலைஸ் செய்ய (ஸ்ட்ரிங்காக மாற்ற) முடியாது என்று எக்ஸெப்ஷன் வருகிறது. எந்தெந்த ப்ராப்பர்ட்டியைச் சேமிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்லீப் மெத்தட் எழுதி, இணைப்பை விட்டுவிட்டு மற்ற இரண்டின் பெயரை மட்டும் கொடுத்தேன். எக்ஸெப்ஷன் போய்விட்டது. ஆனால் கூடையிலிருந்து கிளைத்த சலுகைக்கூடை என்ற கிளாஸில் பட்டியல் வருகிறது, வாடிக்கையாளர் மட்டும் நல் (வெறுமை) ஆகிவிடுகிறார். வெறும் கூடையாக இருந்தால் எல்லாம் சரி.

ஸ்லீப்பும், ஆப்ஜெக்ட் திரும்பி வரும்போது ஓடும் வேக்கப்பும் பழைய சரக்கு, ஸ்ட்ரிங்கை நாமே எழுதிப் பிரிக்கும் சீரியலைசபிள் இன்டர்ஃபேஸ்தான் சரியான வழி என்று முடிவு செய்திருக்கிறேன். தவறென்றால் திருத்துங்கள்.

2018 செப்டம்பர் 12, இரவு, பதில்

வாடிக்கையாளரை பிரைவேட் (அந்தக் கிளாஸுக்கு மட்டும்) என்று அறிவித்திருப்பீர்கள், பட்டியலை புரொடெக்டட் (கிளைத்த கிளாஸ்களுக்கும்) என்று. கோடைப் பார்க்காமலே சொல்கிறேன், இதே குழியில் நானும் விழுந்தவன்.

பிஎச்பி ஒரு பிரைவேட் ப்ராப்பர்ட்டியை வெறும் பெயரோடு வைத்துக்கொள்வதில்லை. ஒரு சுழிய பைட், கிளாஸின் பெயர், இன்னொரு சுழிய பைட், அதன் பிறகு ப்ராப்பர்ட்டியின் பெயர். உள்ளே இருப்பது இந்த நீளப் பெயர்தான். புரொடெக்டட் என்றால் கிளாஸ் பெயரின் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. ஸ்லீப் 'வாடிக்கையாளர்' என்று சொன்னதும் பிஎச்பி முதலில் அந்தப் பெயரை அப்படியே தேடும். கிடைக்காவிட்டால் ஆப்ஜெக்ட்டின் கிளாஸ் பெயரை ஒட்டித் தேடும். அதன் பிறகு நட்சத்திரத்தை ஒட்டித் தேடும். உங்கள் ஆப்ஜெக்ட் சலுகைக்கூடை. பிரைவேட் பெயரோ தாய்க் கிளாஸான கூடையின் பேரில் பதிவாகியிருக்கிறது. மூன்று தேடலிலும் சிக்காது. ஒரு நோட்டீஸ் வந்திருக்கும், எரர் காட்டுவதை அணைத்து வைத்திருப்பீர்கள்.

அவசரத்துக்கு அதை புரொடெக்டட் ஆக்குங்கள். சுழிய பைட்டுகளோடு முழு நீளப் பெயரை ஸ்லீப்பிலிருந்து திருப்பினாலும் வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் பார்க்கிறவர் உங்களைத் திட்டுவார். அது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

2018 செப்டம்பர் 13

நேற்று வேக்கப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ஆப்ஜெக்ட் திரும்பி வரும்போது கன்ஸ்ட்ரக்டர் (புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது ஓடும் மெத்தட்) ஓடாது. பலர் இதை நம்பவே மாட்டார்கள். கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாபேஸைத் திறந்து வைத்திருந்தால், எழுந்து வரும் கூடையில் இணைப்பு இருக்காது. வேக்கப் அதற்காகத்தான். அதற்கு எந்த மதிப்பும் வந்து சேராது. ப்ராப்பர்ட்டிகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், மிச்சமிருக்கும் பழுதுபார்ப்பை நீங்கள் செய்துகொள்ள வேண்டும்.

தூங்கு, எழுந்திரு என்று பெயர் வைத்தவரின் நகைச்சுவை எனக்குப் பிடிக்கும். இரவில் சட்டைப்பையில் இருப்பதை மேசை மேல் வைத்துவிட்டுப் படுக்கிற ஆள் மாதிரி. சில்லறையையும் சாவியையும் வைக்கலாம், ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயை வைக்க முடியாது. டேட்டாபேஸ் இணைப்பு அந்தக் குழாய்.

சீரியலைசபிள் பற்றிய உங்கள் முடிவு சரிதான். மூன்று வருடமாக நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். 5.1 இலிருந்தே இருக்கிறது. ஸ்ட்ரிங்கை நீங்களே உருவாக்குகிறீர்கள், நீங்களே பிரிக்கிறீர்கள். தாய்க் கிளாஸின் பிரைவேட் சமாச்சாரத்தைத் தாயின் மெத்தட்டையே அழைத்து வாங்கிக்கொள்ளலாம். தாராளமாகப் போங்கள்.

[பின்னால் சேர்த்தது: மேலே உள்ள பத்தியை நம்பி இறங்காதீர்கள். 2019 டிசம்பர் குறிப்பைப் பாருங்கள்.]

2018 செப்டம்பர் 13, பத்து நிமிடம் கழித்து

ஸ்லீப், வேக்கப் என்ற பெயர்களுக்கு முன்னால் அடிக்கோடு இரண்டு. ஒன்று போட்டால் பிஎச்பி ஒன்றும் சொல்லாது, உங்கள் மெத்தட்டை அழைக்கவும் செய்யாது. அரை நாள் போனது எனக்கு.

2018 செப்டம்பர் 20

கேட்டவர் தனிச்செய்தியில் இன்னொன்று கேட்டிருந்தார், பதில் எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். செஷனிலிருந்து வந்த கூடையில் எந்த மெத்தட்டை அழைத்தாலும் எரர், வார்டம்ப் செய்து பார்த்தால் 'இன்கம்ப்ளீட் கிளாஸ்' என்று ஏதோ வருகிறதாம்.

செஷன்ஸ்டார்ட்டை அழைத்துவிட்டு அதற்கடுத்த வரியில்தான் கூடை கிளாஸின் கோப்பைச் சேர்க்கிறார். செஷன் தொடங்கும் அந்த நொடியிலேயே உள்ளே உள்ள ஆப்ஜெக்ட் எல்லாம் அன்சீரியலைஸ் ஆகிவிடும் (ஸ்ட்ரிங்கிலிருந்து மறுபடி ஆப்ஜெக்ட்டாகிவிடும்). அப்போது கூடை என்றொரு கிளாஸ் இருப்பதே பிஎச்பிக்குத் தெரியாது. பெயர் தெரியாத விருந்தாளியைத் திண்ணையில் உட்கார வைப்பதுபோல ஒரு பொதுக் கிளாஸில் போட்டு வைத்துவிடும். உள்ளே தரவு அழியவில்லை, தொடத்தான் முடியாது. இரண்டு வரிகளையும் இடம் மாற்றுங்கள், அல்லது கிளாஸ் கோப்பைத் தேவைப்படும்போது தானே சேர்க்கும் ஆட்டோலோட் வையுங்கள்.

2018 அக்டோபர் 3

கேட்டவர் இல்லை, வேறொருவர் எழுதியிருக்கிறார்: 'செஷன் வேண்டாமே, கூடையை சீரியலைஸ் செய்து குக்கியில் வைத்துவிட்டால் சர்வருக்குச் சுமை குறையும்.'

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

குக்கி வாடிக்கையாளரின் பிரௌசரில், அவர் கையில் இருக்கிறது. அவர் அதைத் திருத்தி அனுப்பலாம். சீரியலைஸ் ஆன ஸ்ட்ரிங்கில் மதிப்புகளோடு கிளாஸின் பெயரும் இருக்கிறது. அதாவது உங்கள் சர்வரில் எந்தக் கிளாஸின் ஆப்ஜெக்ட் உருவாக வேண்டும் என்பதை எதிரில் இருப்பவர் தீர்மானிக்கிறார். உங்கள் கூடைக்குப் பதிலாக, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஏதோ ஒரு லைப்ரரியின் லாக் கிளாஸை அனுப்புவார். அது அழியும்போது டிஸ்ட்ரக்டர் ஓடும், டிஸ்ட்ரக்டர் ஒரு கோப்பை அழிக்கும், எந்தக் கோப்பு என்பது ப்ராப்பர்ட்டியில் இருக்கும், ப்ராப்பர்ட்டியை எழுதியவர் அவர். உங்கள் கோடில் ஒரு வரி கூட அவர் மாற்றவில்லை. இருக்கிற மெத்தட்டுகளைக் கோத்து மாலையாக்கிவிட்டார், அவ்வளவுதான்.

'வேக்கப்பில் சோதித்துவிடுகிறேன்' என்று அடுத்து வருவீர்கள். 2016இல் வந்த ஒரு ஓட்டையைச் சொல்கிறேன். சிவிஇ-2016-7124 (பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண்). சீரியலைஸ் ஸ்ட்ரிங்கில் ப்ராப்பர்ட்டிகளின் எண்ணிக்கை எழுதியிருக்கும். இரண்டு இருக்கும் இடத்தில் மூன்று என்று எழுதி அனுப்பினால் வேக்கப் ஓடாது, டிஸ்ட்ரக்டர் மட்டும் ஓடும். வாசலில் காவலாளியைத் தூங்க வைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரி. 5.6.25இலும் 7.0.10இலும் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் சோதனையை அங்கே வைக்காதீர்கள் என்பதற்கு எனக்கு அந்த ஒன்று போதும்.

7.0 இலிருந்து அன்சீரியலைஸுக்கு 'அலவுட் கிளாசஸ்' என்ற ஆப்ஷன் உண்டு. எந்தெந்தக் கிளாஸ் வரலாம் என்று பட்டியல் கொடுக்கலாம், ஒன்றுமே வரக்கூடாது என்றால் ஃபால்ஸ். நல்லதுதான், பயன்படுத்துங்கள். ஆனால் குக்கியில் வைக்க அது அனுமதிச் சீட்டு இல்லை. வெளியாள் தொட்டிருக்கக்கூடிய எதற்கும் ஜேசன் (வெறும் தரவை மட்டும் எழுதும் டெக்ஸ்ட் வடிவம்) போதும்.

2019 பிப்ரவரி 17

நாலு மாதம் கழித்து வருகிறேன். கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் இந்த இழையைத் தவிர வேறு எங்கே கொட்டுவது.

ஒரு கடையின் பில்லிங் மென்பொருள். பெயர் வேண்டாம். அச்சு அமைப்புகளை ஒரு ஆப்ஜெக்ட்டாக சீரியலைஸ் செய்து மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஒரு பத்தியில் வைத்திருந்தேன். பொருள் வகைக்கு ஒரு வரி: தலைப்பு, எழுத்தளவு, வரி விகிதம் எங்கே அச்சாக வேண்டும் என்பன. நாலு வருடம் ஒரு குறையும் இல்லை. போன மாதம் சர்வர் மாற்றினோம். மறுநாள் காலை கடையிலிருந்து போன்: வேட்டிக்கும் சேலைக்கும் பில் சரியாக வருகிறது, போர்வைக்கும் கொசுவலைக்கும் தலைப்பே இல்லாமல் வருகிறது.

முதலில் சிரித்தேன். போர்வைக்கும் கொசுவலைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது, இரண்டும் படுக்கப் போகும்போது வேண்டும் என்பதைத் தவிர? ஸ்லீப் மெத்தட்டில்தான் கோளாறு என்று கூட இருந்தவர் கிண்டல் வேறு செய்தார்.

அன்சீரியலைஸ் ஃபால்ஸ் திருப்பிக்கொண்டிருந்தது. என் கோடு ஃபால்ஸைக் கண்டால் 'அமைப்பு எதுவும் இல்லை போலிருக்கிறது' என்று வெறும் அமைப்பை எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தது. எழுதியவன் நான்தான். லாகைத் திறந்தால் 'எரர் அட் ஆஃப்செட்' வரிசையாக நிற்கிறது.

இதற்கு சீரியலைஸ் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். 'அம்மா' என்ற ஸ்ட்ரிங் இப்படி எழுதப்படும்:

எஸ்:15:"அம்மா";

15 என்பது பைட் கணக்கு. அம்மாவில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து: அ, ம், மா. யூனிகோடில் ஐந்து குறியீடு, ஏனென்றால் புள்ளி தனி, கால் தனி. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஐம்மூன்று பதினைந்து. அன்சீரியலைஸ் அந்த 15ஐ நம்பி, மேற்கோள் குறியிலிருந்து சரியாக 15 பைட் தாண்டிக் குதிக்கும். இறங்கும் இடத்தில் மூடும் மேற்கோள் இல்லாவிட்டால் மொத்த ஆப்ஜெக்ட்டும் போச்சு. ஒரு ஸ்ட்ரிங்கில் ஒரு பைட் பிசகினாலும் மிச்சம் எதுவும் கிடைக்காது.

இப்போது போர்வை. 'போ' என்பதில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கடையில் பழைய தட்டச்சுக் கருவி ஒன்று பிரித்து எழுதுகிற வகை. அதனால் 'போர்வை' ஏழு குறியீடு, 21 பைட் என்று பதிவாகியிருந்தது. சர்வர் மாற்றும்போது பயன்படுத்திய இம்போர்ட் ஸ்கிரிப்ட், டம்ப் கோப்பு முழுவதையும் என்எஃப்சி (குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோட்) வடிவத்துக்கு மாற்றியிருக்கிறது. கொம்பும் காலும் ஒன்றாகி ஆறு குறியீடு, 18 பைட். முன்னால் எழுதியிருந்த 21 மட்டும் அப்படியே நிற்கிறது. கொசுவலையும் அதே கதை, 24 இருந்தது 21 ஆகிவிட்டது. வேட்டி, சேலை, துண்டு எதிலும் ஒகர ஓகரக் குறி இல்லை. அவை தப்பித்தன.

ஒன்றரை நாள். வேர்ட்பிரஸ் தளத்தின் முகவரியை டேட்டாபேஸில் தேடி மாற்றிவிட்டு விட்ஜெட் எல்லாம் காணாமல் போனது என்று அழுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. அதே நோய்தான் இது.

நீளத்தை ரெகெக்ஸ் (உரையில் வடிவம் தேடும் விதி) போட்டு மறுபடி எண்ணி எழுதும் ஸ்கிரிப்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். ஸ்ட்ரிங்கின் உள்ளேயே ஒரு மேற்கோள் குறியும் அரைப்புள்ளியும் அடுத்தடுத்து வந்தால் அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. கடைசியில் பழைய சர்வரில் எல்லா வரியையும் அன்சீரியலைஸ் செய்து, ஜேசனாக எழுதி, அதைக் கொண்டுவந்தேன். ஜேசன் நீளத்தை எழுதி வைப்பதில்லை. யாராவது கை வைத்து எழுத்துப்பிழை திருத்தினாலும் உயிரோடு இருக்கும்.

2019 பிப்ரவரி 18

ஜேசனில் ஒன்று. சும்மா ஜேசன்என்கோட் அழைத்தால் அம்மா ஐந்தும் பின்சாய்வுக் கோட்டுடன் எண்களாக மாறி 30 பைட் ஆகிவிடுவாள். 'அன்எஸ்கேப்டு யூனிகோட்' கொடியைப் போடுங்கள், 5.4 இலிருந்தே உண்டு. இன்னொன்று, ஜேசன்சீரியலைசபிள் என்ற இன்டர்ஃபேஸ் வெளியே போவதற்கு மட்டும்தான் வழி. திரும்பி வந்தால் உங்கள் கிளாஸாக வராது, அர்ரேயாகவோ (அறை அறையாக மதிப்புகள் வைக்கும் பட்டியல்) பொது ஆப்ஜெக்ட்டாகவோ வரும். கூடையை அதிலிருந்து கட்டியெழுப்பும் வேலை உங்களுடையது.

அந்த வேலை இருப்பதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். போன வருடம் கேட்டிருந்தால் எரிச்சல் என்றிருப்பேன்.

2019 மார்ச் 2

'கிளாஸ் பெயர் கூடை என்று தமிழிலேயே வைத்தீர்களா, அல்லது எங்களுக்காக மொழிபெயர்த்தீர்களா' என்று கேட்டவரிடம் கேட்டேன். மொழிபெயர்ப்புதானாம். ஆனால் பிஎச்பியில் உண்மையிலேயே வைக்கலாம், ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்டுகளைப் பெயரில் ஏற்றுக்கொள்ளும். வைத்துப் பார்த்தேன்:

ஓ:12:"கூடை":2:{ என்று தொடங்குகிறது. கூடை நான்கு குறியீடு, 12 பைட். உள்ளே புரொடெக்டட் 'பட்டியல்' என்ற ப்ராப்பர்ட்டி. பெயர் 24 பைட், முன்னால் எழுதியிருக்கும் எண்ணோ 27. அந்த மூன்று, நட்சத்திரமும் அதன் இரு பக்கமும் நிற்கும் சுழிய பைட்டுகளும். டெர்மினலில் கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பல சமயம் உதிர்ந்துவிடும், அன்சீரியலைஸ் கோபித்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: அதன் டெக்ஸ்ட் வகைப் பத்தியில் சுழிய பைட்டுக்கு இடமே இல்லை. பைட்ஏ வகையில் வையுங்கள், அல்லது பேஸ்64 ஆக்கி வையுங்கள்.

2019 டிசம்பர் 8

பிஎச்பி 7.4 நவம்பர் 28 அன்று வெளிவந்தது. சீரியலைஸ் செய்ய அதில் ஒரு புதிய வழி உண்டு. போன வருடம் சீரியலைசபிள்தான் சரி என்று நான் அடித்துச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

அந்த வழிக்காக, பிஎச்பியை உருவாக்குபவர்களில் ஒருவரான நிகிதா போபோவ் எழுதிய முன்மொழிவைப் படித்தேன். என் மூன்று வருடக் கோடில் இருந்த ஒரு பேயின் முகவரி அதில் இருந்தது.

கூடையில் வாடிக்கையாளர் ஒருவர். அதே வாடிக்கையாளர் விலாசப் பட்டியலிலும் இருக்கிறார். ஒரே ஆப்ஜெக்ட், இரண்டு இடத்திலிருந்து சுட்டப்படுகிறது. சீரியலைஸ் புத்திசாலித்தனமாக இரண்டாவது இடத்தில் அவரை மறுபடி எழுதாமல், 'ஏற்கெனவே வந்த மூன்றாவது ஆள்' என்று எண்ணை மட்டும் எழுதும். திரும்பி வரும்போதும் ஒரே ஆள்தான் வருவார். இந்த எண்ணிக்கை முழு ஸ்ட்ரிங்குக்கும் பொது. சீரியலைசபிள் மெத்தட்டுக்குள் நீங்கள் மறுபடி சீரியலைஸை அழைக்கும்போதும் அதே வரிசை எண் தொடரும். எழுதிய அதே வரிசையில் பிரித்தால் பிழைத்தீர்கள். தாயின் மெத்தட்டை முன்பின்னாக அழைத்தாலோ, உள்ளே இருக்கும் துண்டை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தாலோ, மூன்றாவது ஆள் என்பது வேறு யாரையோ சுட்டும். எனக்கு ஒரு முறை வாடிக்கையாளர் இருக்க வேண்டிய இடத்தில் தள்ளுபடி விதி வந்து உட்கார்ந்திருந்தது. கேஷை (தற்காலிகச் சேமிப்பை) காலி செய்ததும் போய்விட்டது. கேஷைக் காலி செய்ததும் போகும் பிழையை யாரும் தேடுவதில்லை, நானும் தேடவில்லை.

புதிய வழியில் அடிக்கோட்டு மெத்தட் இரண்டு. அடிக்கோட்டு சீரியலைஸ் ஒரு அர்ரேயைத் திருப்பும், ஸ்ட்ரிங்கை அல்ல. அந்த அர்ரேயை ஸ்ட்ரிங் ஆக்குவது பிஎச்பியின் பாடு, எண் கணக்கும் அதன் பாடு. அடிக்கோட்டு அன்சீரியலைஸ் அதே அர்ரேயைக் கையில் வாங்கிக்கொள்ளும். இங்கும் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. சலுகைக்கூடைக்கு, தாயின் மெத்தட் தரும் அர்ரேயை ஒரு அறையிலும் தன் மதிப்புகளை இன்னொரு அறையிலும் வைத்துத் திருப்பினால் போதும். பிரைவேட் பிரச்சினை அங்கேயே முடிந்தது, கேட்டவரின் கேள்விக்கு உண்மையான பதில் பதினைந்து மாதம் கழித்து.

ஸ்லீப்பும் இதுவும் ஒரே கிளாஸில் இருந்தால் இதுதான் ஓடும். சீரியலைஸ் ஃபங்ஷன், சீரியலைசபிளுக்குள் சீரியலைஸ், இப்போது அடிக்கோட்டு சீரியலைஸ். ஒரே தெருவில் மூன்று முருகன்கள் இருக்கிற மாதிரி, தபால்காரர் பாவம்.

நான் அர்ரேயில் முதல் அறையில் எப்போதும் ஒரு எண் வைக்கிறேன். இன்று 1. கிளாஸை மாற்றும் நாளில் 2. திரும்பி வரும்போது எண்ணைப் பார்த்து, 1 என்றால் பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றிக்கொள்ளலாம். ஸ்லீப்பில் இதற்கென்று ஒரு ப்ராப்பர்ட்டியையே சுமக்க வேண்டும்.

2019 டிசம்பர் 9

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. 'ஒரே ஆள்தான் வருவார்' என்றது, ஒரே அழைப்பில் சேர்த்து சீரியலைஸ் செய்தால் மட்டும். கூடையைத் தனியாகவும் விலாசப் பட்டியலைத் தனியாகவும் ரெடிஸ் என்ற சேமிப்பில் வைத்தால் வாடிக்கையாளர் இருவராகப் பிரிந்து வருவார். ஒருவரின் போன் எண்ணை மாற்றினால் மற்றவருக்குத் தெரியாது.

2020 ஏப்ரல் 19

ஊரடங்கில் வேறு வேலை இல்லை, பழைய கிளாஸ்களை எல்லாம் புதிய வழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் அடிபட்டேன்.

ஸ்லீப் காலத்தில் எழுதிய பழைய ஸ்ட்ரிங்குகள் கேஷில் இருக்கின்றன. கிளாஸில் இப்போது அடிக்கோட்டு அன்சீரியலைஸ் இருப்பதால் பிஎச்பி அந்தப் பழைய தரவையும் அர்ரேயாக்கி அதனிடமே கொடுக்கிறது. நல்ல குணம். ஆனால் அறைகளின் பெயர்கள் பழைய நீளப் பெயர்கள், சுழிய பைட், கிளாஸ் பெயர் எல்லாவற்றோடும். 'வாடிக்கையாளர்' என்ற அறையைத் தேடினால் கிடையாது. முதல் வாரத்துக்கு இரண்டு பெயரிலும் தேடும்படி எழுதினேன். சீரியலைசபிள் காலத்துத் தரவு வேறு வடிவம், 'ஓ' என்பதற்குப் பதிலாக 'சி' என்று தொடங்கும். அதைப் படிக்க இன்டர்ஃபேஸின் பழைய மெத்தட் கிளாஸில் இன்னும் இருக்க வேண்டும். இருந்தால் பிஎச்பி தானே சரியானதைத் தேர்ந்துகொள்கிறது. படிப்பதற்குப் பழையது, எழுதுவதற்குப் புதியது.

இரண்டாவது அடி, 7.4இன் வகை குறித்த ப்ராப்பர்ட்டிகள். மதிப்பே கொடுக்காத ஒன்றின் பெயரை ஸ்லீப் சொன்னால் இப்போது எரர் விழுகிறது. முன்பு நல் என்று மென்று விழுங்கியிருக்கும். ஒருவிதத்தில் நல்லது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

2020 ஏப்ரல் 19, இரவு

எல்லாவற்றையும் மாற்றி முடித்தபின் ஒன்று உறுத்துகிறது. பதினோரு கிளாஸ் மாற்றினேன். அதில் எட்டு, சீரியலைஸ் ஆகவே தேவையில்லாதவை. யோசிக்காமல் செஷனுக்குள் தள்ளியிருக்கிறேன்.

2021 டிசம்பர் 14

பிஎச்பி 8.1 போட்டதும் லாக் கோப்பு ஒரு மணி நேரத்தில் வீங்கிவிட்டது. சீரியலைசபிளை மட்டும் வைத்து அடிக்கோட்டு மெத்தட்டுகள் இல்லாத கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் 'டெப்ரிகேட்டட்' (இனி கைவிடப்படும்) என்ற எச்சரிக்கை. என்னுடையவை ஏற்கெனவே மாறிவிட்டன, வீங்கியது யாரோ எழுதிய பழைய லைப்ரரியால். இரண்டு மெத்தட்டுகளையும் சேர்த்தால் போதும், இன்டர்ஃபேஸை எடுக்க வேண்டாம்.

அதே 8.1இல் ரீட்ஒன்லி (ஒரு முறை மட்டும் மதிப்பு கொடுக்கக்கூடிய ப்ராப்பர்ட்டி) வந்திருக்கிறது. அடிக்கோட்டு அன்சீரியலைஸுக்குள் அதற்கு மதிப்பு கொடுக்கலாம், அப்போது அது இன்னும் காலியாகத்தான் இருக்கும். வேக்கப்பில் முடியாது, அங்கே போவதற்குள் நிரம்பிவிட்டிருக்கும், மறுபடி தொட்டால் எரர். குறிப்பிட்ட சில கேஸ்களை மட்டும் பட்டியலிடும் 'ஈனம்' என்ற வகை அதைவிட இனிமை: பெயராக எழுதப்பட்டு, திரும்பி வரும்போது அதே ஒரே கேஸாக வருகிறது. மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டாலும் பொருந்துகிறது. ஆர்டர் நிலைக்கு நான் வைத்திருந்த சின்னக் கிளாஸ்களை எல்லாம் தூக்கிப் போட்டேன்.

2022 ஜூலை 5

விலை 12345.675 என்று போய் 12346 என்று திரும்பி வருகிறது என்று ஒருவர். ஐஎன்ஐ அமைப்புக் கோப்பில் 'சீரியலைஸ் பிரிசிஷன்' (எத்தனை இலக்கம் வரை எழுத வேண்டும் என்பது) எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். 5 என்று யாரோ வைத்திருக்கிறார்கள். 7.1 இலிருந்து இயல்பு மதிப்பு மைனஸ் 1, அதைத் தொடாதீர்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைத்தால் இந்தப் பேச்சே இல்லை.

2024 ஜனவரி 21, கேள்வி கேட்டவர்

அண்ணா, ஐந்து வருடம் கழித்து வருகிறேன். அந்தத் தளம் இன்னும் ஓடுகிறது. கூடை ஆப்ஜெக்ட்டைச் செஷனில் வைப்பதை விட்டுவிட்டேன். பொருள் எண், எத்தனை, இரண்டும் உள்ள ஒரு அர்ரே மட்டும் செஷனில். ஒவ்வொரு பக்கத்திலும் அதிலிருந்து கூடையைக் கட்டிக்கொள்கிறேன். ஸ்லீப்பும் இல்லை, அடிக்கோட்டு மெத்தட்டும் இல்லை. விலை டேட்டாபேஸில் மாறினால் கூடையிலும் தானாக மாறிவிடுகிறது. முன்பு பழைய விலை செஷனில் உறைந்து கிடக்கும்.

2024 ஜனவரி 21

நான் 2018இல் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். நீங்கள் ஸ்லீப்பைப் பற்றிக் கேட்டீர்கள், நான் ஸ்லீப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். டேட்டாபேஸ் இணைப்பு கூடைக்குள் ஏன் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வேலை முடியச் சில நிமிடம் ஆகும், வரிசையில் போட்டு வைத்து வேறொரு ப்ராசஸ் எடுத்துச் செய்யும் என்கிற இடங்களில் இன்னும் அடிக்கோட்டு மெத்தட்டுகளைப் பயன்படுத்துகிறேன். ஆயுள் குறைவான தரவு, எழுதுவதும் படிப்பதும் என் கோடுதான். ஒரு வருடம் இருக்க வேண்டியது என்றால் ஜேசன் அல்லது நேரடியாக டேபிள்.

2024 பிப்ரவரி 2

2019 பிப்ரவரிக் குறிப்புக்கு ஒரு வாசகர் வால் கட்டியிருக்கிறார். அவர் கடையில் 'ஸ்ரீ' என்று தொடங்கும் வகைகள் எல்லாம் காணவில்லை. அன்சீரியலைஸ் எரர் எதுவும் இல்லை, நீளமெல்லாம் சரி, அர்ரே முழுசாக வருகிறது. தேடினால் மட்டும் கிடைப்பதில்லை.

ஸ்ரீயையும் இரண்டு விதமாக எழுதலாம். 'ஸ' வைத்துத் தொடங்குவது ஒன்று, யூனிகோடில் 2005இல் சேர்ந்த 'ஶ' வைத்துத் தொடங்குவது இன்னொன்று. ஒட்டி வரும்போது பல எழுத்துருக்களில் ஒரே வடிவம். இரண்டும் நான்கு குறியீடு, 12 பைட். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு எழுத்து. பழைய தரவில் ஒன்று, புதிய விசைப்பலகை எழுதுவது மற்றது.

போர்வையாவது கத்தியது. இது சத்தமில்லாமல் கிடக்கிறது. அர்ரேயின் அறைப் பெயர்களை பின்2ஹெக்ஸில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஃபங்ஷன்) போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் எழுதுகிறேன்.